ஒன்பது கிலோமீட்டர் வண்டி

அந்த வருஷம் வெள்ளக்கரட்டில் ஐப்பசி மழை பிந்தியது, வெங்காய விலை முந்தியது, பஞ்சு மில்லை இழுத்து மூடி இருபத்தொரு வருஷம் நிறைந்தது, அதே வாரத்தில் தோழர் சன்னாசியின் வலது முழங்கால் முன்னறிவிப்பு எதுவும் கொடுக்காமல் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. நாற்பத்து நான்கு வருஷம் சைக்கிள் மிதித்த கால் அது. மில் வாசலில் போலீஸ் தடியை வாங்கிய கால். ஊரில் எத்தனை சங்கம் உடைந்தது, உடைந்த துண்டு மறுபடி எத்தனை துண்டானது, ஒவ்வொரு துண்டுக்கும் எந்தப் புண்ணியவான் தலைவரானான் என்பதையெல்லாம் பெடலில் ஊன்றி நின்று பார்த்த கால். சன்னாசி அதனோடு மூன்று நாள் பேச்சுவார்த்தை நடத்தினார், தைலம் தடவினார், ஒத்தடம் கொடுத்தார், கடைசியில் மிரட்டியும் பார்த்தார். கால் மசியவில்லை.

"வண்டி ஒண்ணு வாங்குங்க" என்றாள் அவர் மனைவி அன்னக்கொடி. மில் ஓடிய காலத்தில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தவள். ஊர்வலத்தில் அவள் கோஷம் கொடுத்தால் மூன்றாவது தெருவில் தூங்கும் பிள்ளை எழுந்து அழும். "செவ்வாக்கிழமைக்குச் செவ்வாக்கிழமை ஆட்டோவுக்கு அழுறதுக்கு ஒரு வண்டிய வாங்கிப் போட்டுட்டு நிம்மதியாப் போயிட்டு வாங்க."

செவ்வாய்க்கிழமை விஷயம் இதுதான். பஸ் ஸ்டாண்டையும் சந்தையையும் கூட்டிப் பெருக்கும் வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த ரத்தினசபாபதி, காலை பத்து நிமிஷம் தரையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள் என்ற குற்றத்துக்காகப் பதினான்கு பெண்களை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார். அந்தப் பதினான்கு பேருக்கும் சங்கம் என்றால் சன்னாசி, சன்னாசிக்கு மிச்சமிருந்த சங்கம் என்றால் அந்தப் பதினான்கு பேர். தாலுகா ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் அலுவலகத்தில் செவ்வாய்தோறும் வழக்கு. ஒரு வாய்தாவுக்குச் சங்கத் தலைவர் போகாவிட்டால் மனு தள்ளுபடி. மில் காலனியிலிருந்து அந்த அலுவலகம் சரியாக நாலு கிலோமீட்டர்.

ஆகவே சன்னாசியும் அன்னக்கொடியும் ஒரு வியாழக்கிழமை பைபாஸ் ரோட்டு ஷோரூமுக்குப் போனார்கள். அங்கே விற்பனையில் இருந்தவர் பிரின்ஸ். முப்பத்தைந்து வயது, கழுத்தில் அடையாள அட்டை, பொய் சொல்ல வராத நாக்கு. அந்த நாக்கினால் எட்டு வருஷமாகப் பதவி உயர்வு கிடைக்காதவர்.

"என்ன யூஸ் சார்?" என்று கேட்டார் பிரின்ஸ்.

"நாலு கிலோமீட்டர் போகணும், நாலு கிலோமீட்டர் வரணும். பெட்ரோலக் குடிக்கக் கூடாது. பாத்தா வண்டி மாதிரி இருக்கணும், வெட்டுக்கிளி மாதிரி இருக்கக் கூடாது."

பிரின்ஸ் முதலில் காட்டியது முந்நூற்றைம்பது சிசி. பழைய பட்டாளத்து வண்டி போலத் திமிராக நின்றது. லிட்டருக்கு முப்பத்தைந்துதான் கொடுக்கும் என்று அவரே சொல்லிவிட்டார். சன்னாசி அதை ஸ்டாண்டிலிருந்து எடுக்கப் பார்த்தார். முழங்கால் முனகியது. "நாலு கிலோமீட்டருக்கு இது எதுக்குங்க? கோயில் ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடவா?" என்று நகர்ந்தார். இரண்டாவதாக, அன்னக்கொடி கையைக் காட்டிய பேட்டரி ஸ்கூட்டர். சத்தமே வராதாம், வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாமாம்.

"சத்தமில்லாம வர்றவன் எவனையும் நான் நம்பினதில்லை" என்றார் சன்னாசி.

"நீங்க நம்பினதெல்லாம் சத்தத்த மட்டுந்தான்" என்றாள் அன்னக்கொடி.

மூன்றாவது வண்டி மூலையில், தண்ணீர் கேன்களுக்குப் பக்கத்தில், யாரும் கூப்பிடாத விருந்தாளி போல நின்றது. கரும்பச்சை நிறம். உருண்டை விளக்கு, கையால் தடவச் சொல்லும் வளைவுள்ள டேங்க், ஆரக்கம்பிச் சக்கரம், வெள்ளியாய் மின்னும் மட்கார்டு, தையல் தெரிகிற பழுப்பு சீட். ஆறு மாசத்துக்கு முன் செய்த வண்டி, ஐம்பது வருஷத்துக்கு முந்தைய உருவம். இப்படி ஒரு வண்டியில்தான் மில்லின் ஸ்பின்னிங் மாஸ்டர் வருவார், அந்தச் சத்தம் கேட்டதும் அறுநூறு தலை குனியும், குனியாத ஒரு தலை சன்னாசியுடையது. குனியாத தலைக்குத்தான் வண்டி நன்றாகத் தெரியும். அந்தக் காலத்தில் அவர் அந்த மனிதரை வெறுத்த அளவுக்கு அந்த வண்டியை வெறுக்க முடியாமல் போனதை அவர் எந்த நோட்டீஸிலும் எழுதியதில்லை.

"எங்க காலத்த ஒழிச்சிட்டு, எங்க காலத்து டேங்க மட்டும் செஞ்சு விக்கிறானுக" என்று முணுமுணுத்தபடி அதன் மேல் கையை வைத்தார், எடுக்கவில்லை.

"நூத்தம்பது சிசி, லிட்டருக்கு அறுபது சார்" என்றார் பிரின்ஸ். பிறகு அவர் நாக்கு வழக்கம்போல அவரைக் காட்டிக் கொடுத்தது. "ஆனா சார், இது ஒரு நாளைக்கு ஒம்பது கிலோமீட்டர்தான் ஓடும்."

"அப்புறம்?"

"நின்னுரும். மறுநாள் காலைல ஆறு மணிக்குத் தானா சரியாயிரும். மூணு பேர் வாங்கித் திருப்பிக் குடுத்துட்டாங்க. கம்பெனிலருந்து ஆள் வந்து கழட்டிப் பாத்துட்டு, கோளாறு எதுவும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. அதான் தள்ளுபடில நிக்கிது."

அன்னக்கொடி வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தாள். சன்னாசி நகரவில்லை. நாலும் நாலும் எட்டு, வழியில் பேப்பரும் வெற்றிலையும் வாங்க ஒன்று, ஆக ஒன்பது. வேலை இவ்வளவு என்று வகுத்துக்கொண்டு அதற்கு மேல் ஒரு அடி கூட எடுத்து வைக்காத ஒன்றை அவர் நாற்பத்து நான்கு வருஷமாக மேடை போட்டுத் தேடிக்கொண்டிருந்தார். மனிதர்களில் கிடைக்கவில்லை, தண்ணீர் கேன் பக்கத்தில் கிடைத்தது.

"இது கோளாறு இல்ல தம்பி, கொள்கை" என்று சொல்லிவிட்டு சன்னாசி கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு வெள்ளக்கரடு பெரிதாக ஆச்சரியப்படவில்லை. முதல் வாரத்தில் வண்டி ஒன்பதாவது கிலோமீட்டரின் கடைசி கஜத்தில் எங்கே நின்றதோ அங்கே நின்றது. பிறகு தினமும் காலை பத்தே முக்காலுக்கு மொக்கராசு டீக்கடை முன்னால் தானாக ஓரங்கட்டிப் பதினைந்து நிமிஷம் ஓய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை எழவே இல்லை. தீபாவளியன்று பொட்டு வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. இரண்டு பேருக்கு மேல் அரிசி மூட்டையும் ஏற்றினால் இருமியது, மூட்டையை இறக்கினால் இருமல் நின்றது. ஊர் இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு, கேட்ட கையோடு தன் வேலைகளை அதற்குத் தகுந்தபடி நகர்த்திக்கொண்டது. மொக்கராசு தன் கடை முன்னால் நிழல் விழும் இடத்தில் அதற்கென்று ஒரு சிமெண்ட் பலகை போட்டுக் கொடுத்தார். டிராஃபிக் போலீஸ்காரர், வண்டி வழக்கமாக நிற்கும் இடங்களில் சுண்ணாம்புக் கோடு இழுத்து, பஸ்களை அந்தக் கோட்டைச் சுற்றிப் போகச் சொன்னார். டிரைவர்கள் சுற்றிப் போனார்கள். கடிகாரம் நின்றுபோன வீடுகளில் பத்தே முக்காலைச் சரிபார்க்கத் தெருவுக்கு வந்தார்கள். கல்யாணத் தரகர்கள், பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீடு எவ்வளவு தூரம் என்று கேட்டால், "அரை வண்டி தூரம், ஒன்றரை வண்டி தூரம்" என்று சொல்லப் பழகிவிட்டார்கள். கேட்டவர்களுக்கும் அது புரிந்தது.

சங்கங்கள்தான் கொஞ்சம் தாமதமாக விழித்தன. எப்போதும் அப்படித்தான். ஒரு திங்கட்கிழமை காலை மூன்று கொடிக்காரர்கள் மூன்று ரசீதுப் புத்தகங்களோடு டீக்கடைக்கு வந்து, வண்டியைத் தங்கள் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்க்கப் போட்டியிட்டார்கள். ஒருவர் ஹேண்டில் பாரில் கொடி கட்டினார், இன்னொருவர் அதை அவிழ்த்து வேறு கொடி கட்டினார், மூன்றாமவர் வண்டிக்குப் பழரசம் வாங்கி வைத்தார். வண்டி எவர் பக்கமும் சாயவில்லை. பதினைந்து நிமிஷம் முடிந்ததும் சன்னாசியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. அன்று மட்டும் சன்னாசிக்குத் தன் வண்டியை நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது.

மற்ற நாட்களில் அப்படி இல்லை.

ஏனென்றால், இதுவரை மேஜையின் ஒரு பக்கத்தில் மட்டுமே உட்கார்ந்து பழகிய மனிதர் அவர். பெட்ரோல் பங்குக்கு எதிரிலேயே வண்டி நின்று, இறங்கி வீடு வரை தள்ளிக்கொண்டு வந்த ஒரு மத்தியானத்தில், "தின்ன பெட்ரோலுக்காவது ஒழைக்க வேணாமா? எல்லாம் இடங் குடுத்துக் கெட்டுப் போச்சு" என்று அவர் வாயிலிருந்தே ஒரு வாக்கியம் வந்தது. வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அன்னக்கொடி நிமிர்ந்தாள்.

"இதே தான் மாஸ்டர் சொல்வாரு" என்றாள்.

"எந்த மாஸ்டர்?"

"ஒங்க தோஸ்து. ஸ்பின்னிங் மாஸ்டர். அவரு 'பெட்ரோலு'ன்னு சொல்லல, 'கூலி'ன்னாரு. மத்ததெல்லாம் எழுத்து மாறல."

சன்னாசி அன்று ராச்சாப்பாடு சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் அதைவிடக் கேவலமான ஒன்றைச் செய்தார். மில் ஓடிய நாளில், ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு நிர்வாகம் சங்கு ஊதும் கடிகாரத்தை ஏழு நிமிஷம் பின்னுக்கு நகர்த்தி வைக்கும். அந்தத் திருட்டைக் கண்டுபிடித்து, 'ஏழு நிமிஷத் திருடர்கள்' என்று நோட்டீஸ் அடித்து, அந்த நோட்டீஸுக்காகப் பதினோரு நாள் உள்ளே இருந்தவர் சன்னாசி. அதே சன்னாசி ஒரு புதன்கிழமை விடிகாலையில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய், வண்டியின் கிலோமீட்டர் காட்டும் கேபிளைக் கழற்றி விட்டார். முள் சுழியத்தில் நின்றது. வண்டி ஒன்பதாவது கிலோமீட்டரில் நின்றது.

அவர் நேராக ஷோரூமுக்கு ஆட்டோவில் போனார்.

"மாத்திக்கலாம் சார், பிரச்சனையே இல்ல" என்றார் பிரின்ஸ். "இதே மாடல், இதே டேங்க், கறுப்பு கலர். எவ்வளவு வேணாலும் ஓடும். ஞாயிறு கிடையாது, டீ கிடையாது. ரெண்டு மூட்டை ஏத்தினாலும் ஒரு சத்தம் வராது."

கறுப்பு வண்டி பளபளவென்று நின்றது. சன்னாசி சீட்டில் உட்கார்ந்தார். சாவியைத் தொட்டார். சாவி இன்னும் திரும்பவில்லை, எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டது.

"இதுக்கு ஓய்வு?"

"எதுக்கு சார் ஓய்வு?"

சன்னாசி மெல்ல இறங்கினார். முன்பொரு முறை மில்லில் எல்லோரும் வேலைநிறுத்தம் செய்து வெளியே நின்றபோது, பின்வாசல் வழியாகத் தார்ப்பாய் மூடிய லாரியில் ஆட்களை இறக்கினார்கள். அந்த ஆட்களும் இப்படித்தான் குளித்துத் தலைவாரி, பளபளவென்று, எதற்கும் தயாராக வந்து இறங்கினார்கள். "கருங்காலி" என்றார் சன்னாசி, கறுப்பு வண்டியைப் பார்த்து. பிரின்ஸ், அது ஒரு நிறத்தின் பெயர் போலிருக்கிறது என்று எண்ணி, "ஆமா சார், மேட் ஃபினிஷ்" என்றார்.

பச்சை வண்டியையே அவர் வைத்துக்கொண்டார். கேபிளைத் திருப்பி மாட்டினார். தான் பெரிய மனது பண்ணியதாக நினைத்துக்கொண்டார். அதுதான் தவறு. பெரிய மனது பண்ணுகிறவன் சீக்கிரத்தில் நன்றியை எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுவான்.

கார்த்திகை மாதம் இரண்டாவது செவ்வாய் கடைசி வாய்தா. சமரச அதிகாரி ஷம்ஷாத் பேகம் நேர்மையானவர், ஆனால் விதிப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறவர் என்று பெயர். பதினொன்றே காலுக்குச் சங்கத் தலைவரே ஆஜராகாவிட்டால் மனுவை மூடிவிடுவேன் என்று எழுத்தில் கொடுத்திருந்தார். சன்னாசி அன்று காலை ஒரு நோட்டீஸோடு போக நினைத்தார். நோட்டீஸ் இல்லாமல் எந்தப் போராட்டமும் அவருக்குச் சட்டை போடாத மாதிரி இருக்கும். அச்சகம் ஊரின் மறுகோடியில், மூன்றரை கிலோமீட்டர். போய் வந்தால் ஏழு. காலனியைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் மொக்கராசு டீக்கடை. ஒன்பது. கணக்கு அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தே, 'கருங்காலியை வேண்டாம் என்று வந்தவனுக்கு, ஒரு நாள், ஒரே ஒரு நாள், இரண்டு கிலோமீட்டர் சேர்த்து ஓட மாட்டாயா' என்று நம்பினார்.

பத்தே முக்காலுக்கு டீக்கடை முன்னால் வண்டி ஓரங்கட்டியது. பதினைந்து நிமிஷம் கழித்துப் புறப்படவில்லை.

"தோழரே, ஆட்டோவக் கூப்பிடவா?" என்றார் மொக்கராசு.

"கூப்பிடாத. இது எனக்கும் அதுக்கும் உள்ள விவகாரம்."

தெருவில் ஒரு தகராறு நிற்கும்போது அதை விட்டு நகர்ந்தால் எதிராளி ஜெயித்ததாக ஆகிவிடும் என்பது சன்னாசியின் நாற்பத்து நான்கு வருஷப் பழக்கம். அவர் வண்டியோடு பேசினார். பதினான்கு குடும்பத்தின் கதையைச் சொன்னார். தன் முழங்காலைக் காட்டினார். சந்தைக்கு வந்தவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். வண்டி கேட்டுக்கொண்டது, அசையவில்லை. பதினொன்று பத்துக்கு சன்னாசி, நல்ல காலான இடது காலைத் தூக்கி, எல்லோரும் பார்க்க, வண்டியை ஒரு உதை உதைத்தார்.

மொக்கராசு கழுவிக்கொண்டிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ரத்தினசபாபதியின் வெள்ளைக் கார் அந்த வழியாக வந்து, வேகம் குறைந்து, கண்ணாடி இறங்கி, உள்ளிருந்து ஒரு புன்னகை தெரிந்து, கண்ணாடி ஏறி, தாலுகா ஆபீஸ் பக்கமாகப் போயிற்று.

"மேடம், தலைவர் வர மாட்டாரு" என்று அங்கே அவர் சொன்னாராம். "டீக்கடையில தொழிலாளிய ஒதச்சுக்கிட்டு இருக்காரு. மனுவ மூடிருங்க."

ஷம்ஷாத் பேகம் புத்தகத்தைப் புரட்டினார். ஆஜராகாமைக்குக் காரணம் அதிகாரியின் கவனத்துக்கு வந்தால் அதை நேரில் விசாரிக்க வேண்டும் என்று இருந்தது. வேலை நின்ற இடத்திலேயே விசாரணை வைக்கலாம் என்றும் இருந்தது. மொக்கராசு கடையில் இஞ்சி டீ நன்றாக இருக்கும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் அவருக்குத் தெரியும். பதினொன்றே முக்காலுக்கு அதிகாரியின் ஜீப் வந்து நின்றது, பின்னாலேயே வெள்ளைக் கார், அதன் பின்னால் தாலுகா ஆபீஸிலிருந்து வெயிலில் வேர்த்துக்கொண்டு பதினான்கு பெண்கள், முன்னால் அவர்கள் செயலாளர் பஞ்சவர்ணம். செய்தி கேட்டு அன்னக்கொடியும் காலனியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தாள்.

"ரெண்டு தகராறு இருக்கு" என்றார் ஷம்ஷாத் பேகம், பெஞ்சில் உட்கார்ந்து. "பதினாலு பேருக்கும் குத்தகைதாரருக்கும் ஒண்ணு. வண்டிக்கும் தோழருக்கும் ஒண்ணு. ரெண்டாவது இப்ப கண்ணு முன்னாடி நிக்கிது, அதனால அது முதல்ல. வண்டி சார்பா யார் பேசுறா?"

"நான் பேசுறேன்" என்றார் ரத்தினசபாபதி.

கூட்டம் கைதட்டியது. பத்து வருஷமாக நோட்டீஸ் நோட்டீஸாகச் சன்னாசியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதர் அவர். இவ்வளவு பெரிய சபை அவருக்கு எப்போதும் வாய்த்ததில்லை. "வாய்மொழி வேணாம், எழுதிக் குடுங்க" என்றார் அதிகாரி. ரத்தினசபாபதிக்குச் சொந்தமாக எழுத வராது. ஆனால், அவதூறு வழக்குப் போடலாம் என்று சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த சன்னாசியின் போன மாதத்து நோட்டீஸ் ஒன்று அவரிடம் இருந்தது. அதை முழங்காலில் விரித்து வைத்துக்கொண்டு, தன் பெயர் வரும் இடத்திலெல்லாம் சன்னாசி பெயரைப் போட்டு, மற்றதை வரி மாறாமல் எழுதினார். சன்னாசியின் ஆயுதத்தாலேயே சன்னாசியை வெட்டுகிறோம் என்ற சந்தோஷத்தில் அவர் கையெழுத்து கூட அன்று அழகாக விழுந்தது. பிறகு எழுந்து நின்று வாசித்தார்:

"உழைப்பாளி எவராயினும், வகுத்த வேலைக்கு மேல் ஒரு நிமிஷம் கேட்பது கொள்ளை! நின்றுகொண்டே வேலை செய்யும் உழைப்பாளி, தேநீர் வேளையில் கால் நீட்டி உட்காருவது பிறப்புரிமை! அதற்காக அவரைத் தண்டிக்கும் சன்னாசியே, உன் நெஞ்சு கல்லா, இரும்பா?"

சந்தையே ஆர்ப்பரித்தது. சன்னாசிக்கு வெட்கமாக இருந்தது. வாக்கியங்கள் நன்றாக இருந்ததில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"இது உங்க சொந்த நிலைப்பாடா?" என்றார் அதிகாரி.

"என் உயிர்மூச்சு மேடம்" என்றார் ரத்தினசபாபதி. கையெழுத்துப் போட்டார்.

"தோழர், ஒத்துக்கறீங்களா, மறுக்கறீங்களா?"

மறுப்பதற்கு ஒரு வரி போதும். வண்டி தொழிலாளி அல்ல, பொருள், அதற்குச் சட்டத்தில் இடமில்லை. அந்த வரி சன்னாசியின் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. சொன்னால் சபை சிரிக்கும், ரத்தினசபாபதியின் தாள் குப்பைக்குப் போகும், அவர் ஜெயித்த மாதிரி இருக்கும். அப்போதுதான் பஞ்சவர்ணத்தின் கண் அந்தத் தாளின் மேலேயே ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். 'உழைப்பாளி எவராயினும்.' குத்தகைதாரரின் கையெழுத்தோடு.

அந்தத் தாள் நிற்க வேண்டுமானால் சன்னாசி விழ வேண்டும். தொழிலாளியை உதைத்த முதலாளி என்று அரசாங்கத் தாளில், முத்திரையோடு, அவர் பெயர் ஏறும். லாக்கப்பில் இரண்டு நாள் நிற்க வைத்தபோதும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாத கை அது. இன்னொன்றும் உண்டு, ஊரில் யாரும் அவர் எதிரில் பேசாதது: மில் மூடிய வருஷம், சங்கத் தலைவர் வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதிக் கொடுத்தால் திறக்கிறோம் என்று முதலாளி சொல்லி அனுப்பினார். அறுநூறு பேர் வாசலில் காத்திருந்தார்கள். தலை குனியாத சன்னாசி எழுதிக் கொடுக்கவில்லை. மில் திறக்கவில்லை. வஞ்சகம், எழுதியிருந்தாலும் திறந்திருக்க மாட்டான் என்று இருபத்தொரு வருஷமாக அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லி முடிந்த பாடில்லை.

"மறுக்கறீங்கதானே தோழர்?" என்று ரத்தினசபாபதியே எடுத்துக் கொடுத்தார். சண்டை சீக்கிரம் முடிந்துவிடுமோ என்று அவருக்குக் கவலை.

சன்னாசி எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஒத்துக்கறேன்" என்றார். "கேபிளக் கழட்டினதும் நான்தான். அதையும் சேத்து எழுதிக்கங்க."

ஷம்ஷாத் பேகம் எழுதினார். சன்னாசி கையெழுத்துப் போட்டார். பேனா இரண்டு தடவை மக்கர் பண்ணி மூன்றாவது தடவை எழுதியது. தாளை ஊதிக் காயவைத்த அதிகாரி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ரத்தினசபாபதி பக்கம் திரும்பினார்.

"நல்லது. இப்ப முதல் தகராறு. நின்னுக்கிட்டே வேலை செய்யற உழைப்பாளி தேநீர் வேளையில உக்காருறது பிறப்புரிமை. யார் சொன்னது இது?"

"மேடம்... அது வண்டிக்குச் சொன்னது."

"எவராயினும்னு எழுதியிருக்கீங்களே."

"எழுதுற வேகத்துல..."

"உயிர்மூச்சுன்னீங்க."

"ஏய்யா" என்றாள் பஞ்சவர்ணம், இடுப்பில் கை வைத்து, "வண்டி நிக்கிறதுக்குச் சிமெண்டுப் பலகை போட்டுருக்கு. நாங்க கட்டாந்தரையில உக்காந்ததுதான் ஒனக்கு எரிஞ்சுச்சா? ஒங்கிட்ட வேலைக்கு ரெண்டு சக்கரம் மாட்டிக்கிட்டு வந்தாத்தான் எங்கள மனுசியாப் பாப்பியா?"

சிரிப்பு டீக்கடையிலிருந்து சந்தைக்குள் ஓடி, சந்தையின் அந்தப் பக்கம் வழியாக வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பியது. ரத்தினசபாபதி அவ்வளவு பேர் முன்னால் தன் உயிர்மூச்சை வாபஸ் வாங்க வழி தேடினார், கிடைக்கவில்லை. ஒன்றரை மணிக்குப் பதினான்கு பேரும் வேலைக்குத் திரும்பலாம் என்றும், காலை பத்தே முக்காலுக்குப் பதினைந்து நிமிஷம் உட்காரலாம் என்றும் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டார். வண்டிக்கு இரண்டு நாள் விடுப்பு, உதைத்த இடத்தில் உரிமையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதைத் தள்ளிக்கொண்டு போவதும் வேலையில் சேரும் என்பதால் இருந்த இடத்திலேயே விட்டுப்போக வேண்டும் என்றும் உத்தரவானது. சன்னாசி குனிந்து, மட்கார்டில் பதிந்திருந்த செருப்புத் தடத்தைத் துண்டால் துடைத்தார். அங்கேயே, மெதுவாக, ஒரு வார்த்தை சொன்னார். என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை.

காலனிக்கு இரண்டு கிலோமீட்டர் நடை. ஜெயித்தால் ஊர்வலம் போவது வெள்ளக்கரட்டு வழக்கம். பதினான்கு பெண்களும் சன்னாசியின் முழங்காலுக்குத் தகுந்த நடையில் அவரை நடுவில் விட்டு நடந்தார்கள். பஞ்சவர்ணம் கோஷம் கொடுத்தாள். சங்கம் வாழ்க என்றாள். டீ வேளை வாழ்க என்றாள். மொக்கராசு வாழ்க, விதிப் புத்தகம் வாழ்க, வண்டி வாழ்க என்றாள். வாழ்கவெல்லாம் தீர்ந்துபோயிற்று. முறைப்படி அடுத்தது ஒழிக. ரத்தினசபாபதி கையெழுத்துப் போட்டுவிட்டார், அவரைச் சொல்ல முடியாது. ஒழிக இல்லாமல் ஊர்வலம் முடிந்ததாகாது. பஞ்சவர்ணம் வாயைத் திறந்தாள், சன்னாசியைப் பார்த்தாள், மரியாதைக்காக மூடிக்கொண்டாள்.

"தள்ளு புள்ள" என்று அன்னக்கொடி முன்னால் வந்தாள். இருபத்தொரு வருஷமாகச் சும்மா கிடந்த குரலை எடுத்தாள். "தொழிலாளியக் காலால ஒதச்ச, கேபிளக் கழட்டிக் கள்ளக்கணக்கு எழுதுன, மொதலாளி சன்னாசி!"

ஊர்வலம் ஒரு கணம் தயங்கியது.

அந்த ஒரு கணத்தில், நாற்பத்து நான்கு வருஷப் பழக்கத்தில், யாருக்கும் முந்தி, கை தானாக உயர்ந்து, முஷ்டி தானாக மூடி, தெருவே அதிர, தோழர் சன்னாசி முழங்கினார்:

"ஒழிக!"